ஒரு மண்டலம்

"ஒரு மண்டலம் எடுத்துக்குங்க" என்றார் அர்த்தநாரி,
நேர்த்திக்கடன் சொல்கிற குரலில்.
மகனுக்கு ஓசூரிலிருந்து மாற்றலாம்.
நாங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.
அன்று மாசி பதினொன்று.
என் கையில் கொத்து. கால்விரல் இடுக்கில்
பாதி வெட்டிய பாத்தியின் மண்.

கருப்பூர் என்று பெயர்தான்,
தோண்டினால் வெள்ளை.
கொத்து இறங்கும் இடமெல்லாம் வெள்ளைக்கல்
ணங்கென்று பல்லைக் கூச வைக்கும்.
கோழிமுட்டை அளவில், கொழுக்கட்டை அளவில்,
ஒன்று அப்படியே என் மாமியாரின் முழங்கால்.
பொறுக்கிப் பொறுக்கிச் சுவரோரம் குவித்தேன்.

ராத்திரி ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த துளசிமணி
"இன்னுமா கொத்துற?" என்றார்.
கணக்குச் சொன்னேன்.
சிறுகீரைக்கு இருபத்தைந்து நாள்.
முள்ளங்கிக்கு நாற்பது, அது மனசு வைத்தால்.
வெண்டை நாற்பத்தைந்தில் முதல் பிஞ்சு,
மூன்று நாள் நமக்கு, மிச்சம் அவர்களுக்கு.
மிளகாயைப் பக்கெட்டில் வைத்தால் கூடவே வந்துவிடும்.
"சுரை?"
சுரைக்கு அறுபது ஆகும்.
அவர் சோற்றைப் பிசைந்தார்.
நான் ரசம் ஊற்றினேன்.

செவ்வாய்ப்பேட்டைச் சந்தையில்
கீரை விதைக்குக் காசு கொடுத்துத் திரும்பியவளைக் கூப்பிட்டு
காய்ந்த சுரைக்குடுக்கையைக் காதருகே குலுக்கினாள் விற்றவள்.
"சும்மா வச்சுக்க"
ஐந்து விதையை உள்ளங்கையில் அழுத்தினாள்.
சும்மா வந்த விதை சும்மாதான் கிடக்கும் என்று
பிடிவாதமாக ஒரு ரூபாய் கொடுத்தேன்.

மேட்டூர்த் தண்ணீர் ஐந்து நாளைக்கு ஒருமுறை.
அரிசி களைந்தது, காய் அலம்பியது,
டிபன் பாக்ஸின் முதல் அலசல், எல்லாம் பாத்திக்கு.
மதிவதனியைத் தொட்டியோரம் நிற்க வைத்து
சோப்புக்கு முந்தைய மூன்று சொம்பு.
"என்னைக் குளிப்பாட்டுறியா, செடிக்கு ஊத்துறியா?"
ரெண்டும்தான், திரும்பி நில்லு.

பங்குனி பிறந்தது.
சேர்வராயன் மலைமேல் சாயங்காலம் தவறாமல்
மேகம் ஏறி உட்கார்ந்துகொண்டது.
ஏற்காட்டுக்கு மழை, எங்களுக்கு வேடிக்கை.
பக்கத்து வீட்டுக் கோழி கீரையில் பாதியைத் தின்றது.
வெண்டையில் மாவுப்பூச்சி. வேப்பெண்ணெய் அடித்ததில்
என் தலையணை வரை கசந்தது.
பிடுங்கிய முள்ளங்கி ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால், மூன்று கால்,
உள்ளே இன்னும் எத்தனை கல்லென்று
விரல்விட்டுக் காட்டுவதுபோல.

அர்த்தநாரி பார்வையிட வந்தார்.
குழாயைத் திறந்து மூடினார். ஆணி ஓட்டைகளை எண்ணினார்.
கல்குவியல் முன்னால் நின்றுவிட்டார்.
"இத்தனை கல்லை எதுக்கும்மா உள்ள கொண்டு வந்தீங்க?"
"உங்க கல்லுதாங்க."
நம்பவில்லை.
போகும்போது ஒரு பிடி கீரை வாங்கிக்கொண்டார்.

கடைசிக்கு முந்தின இரவு
பந்தலில் சுரைப்பூக்கள் ஏழு, வெள்ளை வெளேரென்று.
ஆறு ஆண். ஒன்றின் கீழே மட்டும்
சுண்டுவிரல் போல ரோமம் படிந்த பிஞ்சு.
பரணிலிருந்து இறக்கிய அண்டா, கட்டாத பாத்திரம்,
எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு
வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு
ஆண்பூவைக் கிள்ளி, இதழ் உரித்து,
பெண்பூவின் நடுவில் மூன்று சுற்றுத் தடவினேன்.
துளசிமணி கயிற்றோடு வந்து நின்று
ஒன்றும் கேட்காமல் டார்ச்சை வாங்கிப் பிடித்தார்.

பங்குனி இருபத்தொன்பது.
குட்டியானை பின்பக்கமாக உறுமி வந்தது.
பீரோ, கட்டில், நான்கு பக்கெட் மிளகாய்.
"செடிக்குத் தனி வாடகைங்க" என்றான் டிரைவர்.
வீட்டைப் பெருக்கி, சாவியைக் கொடுத்து,
அர்த்தநாரியின் மருமகள் நம்பரைக் கேட்டேன்.
"எதுக்கும்மா?"
இன்னும் பன்னிரண்டு நாளில் ஒரு போன் செய்ய வேண்டும்.
காம்போடு அறுக்கச் சொல்ல வேண்டும்.
அதற்கு முன்னால் நகத்தால் ஒரு அழுத்து,
இறங்கினால் கூட்டு,
இறங்காவிட்டால் விதைக்கு.