எண்ணூற்று எழுபது மீட்டர்

முதலில் குழலின் நீளம்.
இருபத்தாறு அங்குலம் என்று எழுதி
அடித்து, இருபத்துநாலு ஆக்கினேன்.
ஆட்டோவில் குறுக்கே வைத்தால்
திருவொற்றியூர் ஹைரோடு முழுக்க இடிக்கும்.

பிறகு தோட்டா. முந்நூற்றெட்டா, ஆறரையா?
ஆறு மாதமாக எனக்கும் எனக்கும் இதே சண்டை.
முந்நூற்றெட்டு பழைய லாரி மாதிரி,
எங்கே நின்றாலும் கைவைக்க ஆள் உண்டு.
ஆறரை காற்றுக்கு அவ்வளவாக வளையாது,
ஆனால் கிடைக்க வேண்டுமே.

விசை: எழுநூறு கிராம்.
நினைத்தாலே போதும், வெடிக்கும்.

கட்டை மட்டும் முதல் நாளிலிருந்து மாறவில்லை.
வால்நட் மரம். எண்ணெய் தேய்த்தது, வார்னிஷ் கூடாது.
ஏப்ரல் வெயிலிலும் கன்னம் வைக்க இடம் தரும்.

இந்த நோட்டு கிரேன் கேபினில்
டிபன் பைக்கு அடியில் இருக்கிறது.
நாற்பது மீட்டர் உயரம், காலுக்குக் கீழே கண்ணாடி.
முப்பது டன் பெட்டி வடத்தில் ஆடும்போது
ஆட்டத்தோடு மல்லுக்கு நிற்கக்கூடாது.
அது திரும்பும் இடத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும்.
தூரத்துக் குறிக்கும் அதுதான் கணக்கு என்று நினைக்கிறேன்.
நினைக்கத்தான் முடியும்,
கிளப்பில் ஐம்பது மீட்டரோடு சுவர் வந்துவிடுகிறது.

"எத்தச் சுடப்போற? எண்ணூர் கயிமுகத்துல கொக்கா?"
யாசீன் கேட்டான், வாயில் பரோட்டாவோடு.
கொக்கைச் சுட்டால் உள்ளே போடுவான் என்றேன்.
கனடாவிலிருந்து மச்சான் கிறிஸ்டோ படம் அனுப்பியிருந்தான்.
பனியில் ஒரு மான், நாக்கு ஓரமாகத் தொங்கிற்று.
அனுமதி வாங்கிச் சுட்டதாம், ஆறு மாதக் கறியாம்.
நான் விரலால் விரித்துப் பார்த்தது
பின்னால் மரத்தில் சாய்த்திருந்த ரைஃபிளை.
போல்ட்டின் கைப்பிடி வளைவு அவ்வளவு அழகு.
மானை இரண்டாவது தடவைதான் பார்த்தேன்.

வேப்பேரியில் மனுவைத் திருப்பித் திருப்பிப் படித்த கிளார்க்
"பயிர்ப் பாதுகாப்பா சார்?" என்றார்.
தண்டையார்பேட்டையில் என்ன பயிர்?
விளையாட்டு என்று எழுதச் சொன்னார்.
எழுதினேன்.

ஸ்கோப்பின் விலையைக் கேட்டு
புஷ்பலீலா அரிசி களைவதை நிறுத்தினாள்.
"வெறும் கண்ணாடிக்கா?"
கண்ணாடிதான் பாதித் துப்பாக்கி என்றேன்.
"அப்ப மீதிப் பாதிய வாங்காத."

கப்பல் வராத ஒரு மதியம்.
சர்வேயர் பெனடிக்ட்டிடம் தூரமானி இரவல்.
கேபினிலிருந்து ஒவ்வொன்றாக அளந்தேன்.
ஐஸ் ஃபேக்டரியின் தண்ணீர்த் தொட்டி, நானூற்றுப் பத்து.
மாதா கோயில் சிலுவை, அறுநூற்று முப்பது.
காசிமேட்டில் ஒரு மொட்டை மாடி,
கொடியில் மஞ்சள் புடவை,
எண்ணூற்று எழுபது.

புடவை இடமிருந்து வலம் உப்பியது.
கடல் காற்று, நிதானமாக.
அந்தத் தூரத்தில் தோட்டா மூன்று மாடி உயரம் விழும்,
ஒன்றேகால் விநாடி எடுக்கும்.
எல்லாம் எழுதி வைத்தேன்.
அப்படி ஒரு சந்தோஷம்.

புடவைக்குப் பின்னாலிருந்து ஒருத்தி வந்தாள்.
வாயில் கிளிப்பு, தோளில் ஒரு பள்ளிக்கூடச் சட்டை.
சட்டையை உதறினாள்.
வெயிலுக்குக் கை மறைத்து
கிரேன் பக்கம் பார்த்தாள்.
என்னைத் தெரிந்திருக்காது,
எண்ணூற்று எழுபது.

மூச்சு பாதியில் நின்றிருந்தது,
கிளப்பில் கற்றுக்கொடுத்த மாதிரியே.
தூரமானியின் பட்டன் மேல்
என் விரல் வளைந்திருந்தது.

புடவையை உருவிக்கொண்டு போனாள்.
காற்று எந்தப் பக்கம் என்று
அப்புறம் எனக்குத் தெரியவில்லை.

மூன்று மணிக்குக் கப்பல் வந்தது. நூற்றுப் பதினெட்டுப் பெட்டி.
ஷிப்ட் முடிந்து நோட்டை எடுத்தேன்.
முதல் பக்கத்தின் தலையில்,
குழலுக்கும் மேலே இருந்த கொஞ்ச இடத்தில்
நுணுக்கி எழுதினேன்: பின்னால் மண்மேடு வேண்டும்.

ஆறரையே இருக்கட்டும். வால்நட்டும்.
விசையை மட்டும்
எழுநூறு கிராமை அடித்துவிட்டு
ஒன்றரைக் கிலோ ஆக்கினேன்.