டெண்டென்சி

மண்டபம் மீன்துறை அலுவலகத்தில்
மின்சாரம் போய் ஒரு மணி நேரம்.
கம்ப்யூட்டர் செத்துக் கிடக்க
கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
ஆங்கிலக் கோப்பில் ஒரே வரி மிச்சம்:
இந்தப் படகுக்கு எல்லை தாண்டும்
டெண்டென்சி உண்டு.

பக்கத்துக்கு நாற்பது ரூபாய் எனக்கு.
பிரித்துப் பார்த்தால்
இந்தச் சொல்லுக்கு இருபது பைசா.

நாட்டம் என்று எழுதினேன்.
பழைய தமிழில் நாட்டம் என்றால் கண்.
சேசடிமையின் படகுக்குக் கண் கிடையாது,
அணியத்தில் ஒரு மாதா ஸ்டிக்கர்,
அதுவும் உப்பில் பாதி உரிந்தது.
அடித்தேன்.

பழக்கம் என்றால்
பழைய வழக்கு நாலாவது வேண்டும்.
சுபாவம் என்றால் பிறவிக் குற்றம்.
போக்கு நல்ல சொல், உள்ளே காற்று இருக்கிறது,
ஆனால் பக்கத்திலேயே
போக்கிரி நிற்கிறான்.

ஆங்கிலத்தில் அது
யாருடைய விருப்பத்தையும் கேட்காத சொல்.
விலைக்கு ஏறுகிற டெண்டென்சி,
பாலுக்குத் திரிகிற டெண்டென்சி.
என் மூத்தவனுக்குச் சளி பிடிக்கிற
டெண்டென்சி என்று டாக்டர் சொன்னபோது
யாரும் அவனைப் பிடித்துக்கொண்டு போகவில்லை.

வராந்தாவில் அவரே உட்கார்ந்திருந்தார்,
லைசென்ஸைப் பாலித்தீன் பையில் சுற்றி
மடியில் வைத்துக்கொண்டு.
கேட்கக் கூடாது. கேட்டேன்.

"கச்சான் அடிச்சா கெழக்க ஒதுங்கும் தாயி.
போன வருசம் மாத்துன பலகை கனம்.
நான் சுக்கான மேக்க அமுக்கிக்கிட்டேதான் இருப்பேன்.
கண்ணசந்தா..."

கைவிரலில் ஏதோ எண்ணினார்,
மேலே சொல்லவில்லை.

உள்ளே வந்து
'ஒதுங்கும் தன்மை' என்று எழுதிக் கொடுத்தேன்.
கண்காணிப்பாளர் சிரித்தார்.
"படகு என்ன மழைக்கா ஒதுங்குது?
அகராதில உள்ளதப் போடுங்க, ஹபீபா."
சிவப்பு மையில்
நாட்டம் திரும்பி வந்தது,
கண்ணைத் திறந்துகொண்டு.

சுத்தப் பிரதி எழுதி முடித்து
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன்.
கோடு போடாத வெள்ளைத் தாள்.
ஒவ்வொரு வரியும்
வலப்பக்கம் போகப் போக
மேலே ஏறியிருக்கிறது.

பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான்.
நேராகத்தான் எழுதினேன்.