நேரடிப் பதிவு, குன்னூர்

மழையை எடுத்துவிடச் சொல்கிறது கம்பெனி.
தகரக் கூரைமேல் அன்று விழுந்த மழை
இருதயராஜின் குரலுக்கும் சிரிப்புக்கும் நடுவே
காயாத துணியாய்த் தொங்குகிறதாம்.
மழை இல்லையென்றால்
பாதிப் பேர் வந்தே இருக்கமாட்டார்கள்.
ஒதுங்க வந்தவர்கள்.
டிக்கெட் நூறு என்றதும்
குடையை உதறியபடி யோசித்தவர்கள்.

பெட்ஃபோர்டில், பேக்கரிக்கு மேலே என் அறை.
நாலு மணிக்கு வர்க்கி வேகும் வாசனை ஏறிவரும்.
ஹெட்போனில் அவன் தொண்டையைச் செருமுகிறான்,
பதினோரு நாள் கழித்துத்
திருப்பூர் லாட்ஜில் நிற்கப்போவதைப்
பையில் கிடக்கும் சாவிபோல
மார்பில் வைத்துக்கொண்டு.

நாலாவது டிராக்.
"நர்ஸ் சீட்டைப் பாத்துக் கூப்பிட்டாங்க: இருதயம்!
நல்லாத்தான் இருக்கு சிஸ்டர்னு எந்திரிச்சேன்.
அப்ப வீட்டுக்குப் போன்னுட்டாங்க."
கூடம் அதிர்கிறது.
இதை வெட்டிவிடுங்கள் என்கிறார் ஒருவர்.
இதையே முதலில் போடுங்கள் என்கிறார் இன்னொருவர்.

ஆறாவதில் ஒரு நாற்காலி கிறீச்சிடுகிறது.
"கெளம்பிட்டீங்களாண்ணே? போங்க போங்க.
நாளைக்கு வந்தா நான் இருக்கமாட்டேன்."
இதைத் தீர்க்கதரிசனம் என்று
அட்டையில் அச்சடிக்க ஆசைப்படுகிறார்கள்.
இல்லை ஐயா.
மறுநாள் ஆறரைக்கு அவனுக்கு மேட்டுப்பாளையம் பஸ்.
செலவுக்கு என்னிடம்தான் இருநூறு வாங்கினான்.
திரும்பி வந்து மிச்சம் பதினேழைத் தந்தான்.
அதில் பத்து ரூபாய்த் தாள் கிழிசல்.
"ஒட்டிக்க, செல்லும்" என்றான்.
சாவு தெரிந்தவன் பேசுகிற பேச்சா இது?

கேட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட
பிலோமினா வந்திருந்தாள்,
தேயிலை ஃபாக்டரி ஷிப்ட் முடிந்து
கைவிரல் இடுக்கில் தூள் கறையோடு.
ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டாள்.
அழவில்லை. சிரிக்கவுமில்லை.
"இந்த இருமல் சின்னப்பன் அண்ணன்.
இந்தக் கைத்தட்டு காசு குடுக்காம வந்த கும்பல்."
அன்று வாசலில் டிக்கெட் கிழித்தது அவள்தான்.

ஒன்பதாவது டிராக்.
ராத்திரி, காலனி, வாசலில் காட்டெருமை.
இவன் டார்ச் அடிக்கிறான்.
அது இவனை ஏற இறங்கப் பார்க்கிறது,
"நீ எப்படா இங்க வந்தே?" என்பதுபோல.
சிரிப்பு கிளம்புகிறது.
அங்கே கரண்ட் போயிற்று.
ஜெனரேட்டர் உறுமி எழ நாற்பது விநாடி.
வெளிச்சம் வந்தபோது
அவன் ரேஷன் கடைக்குப் போயிருந்தான்.

பிலோமினா ஹெட்போனைக் கழற்றினாள்.
"விட்டுட்டார்."
என்ன?
"கடைசி வரிய. வீட்ல சொல்றப்ப விடமாட்டார்."
பிறகு தோளைக் குறுக்கி,
பல் இல்லாத வாயாக உதட்டை மடித்து,
உள்ளே பாயில் படுத்திருக்கும் மாமனாராகிக்
கதவுப் பக்கம் குரல் கொடுத்தாள்:
"யாருடா வாசல்ல?
எந்தக் கப்பல்ல வந்தாங்களாம்?"

மண்டபத்தில் அவர்கள் எழுபத்து நாலில் இறங்கிய கதையை
அவன் எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பான்.
நான் சிரித்த சிரிப்பில்
நாற்காலி பின்னால் நகர்ந்து சுவரில் முட்டியது.
அவளும் சிரித்தாள்,
முந்தானையால் வாயைப் பொத்தி,
ஷிப்டில் மேஸ்திரிக்குத் தெரியாமல் சிரிப்பவள்போல.
என்னவோ ஏதோவென்று
பேக்கரிப் பையன் மேலே ஓடிவந்தான்.
எந்த மைக்கும் ஆன் செய்திருக்கவில்லை.

கரண்ட் போன நாற்பது விநாடியை
அப்படியே விட்டுவிட்டேன்.
உற்றுக் கேட்டால் அதில் மழை மட்டும் இருக்கும்.
நேற்று அனுப்பினேன்.
சென்னையிலிருந்து இன்னும் பதில் இல்லை.