சுடுதண்ணித் துரை

அப்புத்தளை ஸ்டேஷனுக்கு எதிரே எங்கள் கடை.
ஆல்டர்ட்டன் துரை இந்த மலையில் ஏறி
நூற்றைம்பது வருஷமாம்,
ஞாபகத்துக்கு ஒரு கோப்பை விட்டிருக்கிறார்கள்.
விலை இரண்டாயிரத்து எண்ணூறு.

ஆறியிருந்தால் வெறும் கறுப்பு.
சுடுதண்ணி ஊற்றினால்
முதலில் பூட்ஸ், பிறகு துப்பாக்கி,
கடைசியில் மீசையோடு துரை.
இந்த வித்தையைக் காட்டத்தான் எனக்குச் சம்பளம்.
ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது
அவரை வரவழைக்கிறேன்.
பனி மூடினால் கொஞ்சம் முரண்டு பிடிப்பார்.

கைப்பிடி ஒட்டிய இடத்தில் படம் முடிகிறது.
அங்கே ஒரு தகரப்பெட்டி,
பெட்டிக்குக் கீழே அரைத் தோள்.
நானும் நிலந்தியும் மூன்று கேத்தல் ஊற்றிப் பார்த்தோம்,
தோளுக்கு முகம் வரவில்லை.

நேற்று ஒரு வெள்ளைக்காரி கேட்டாள்,
மேலே போய் என்ன கண்டுபிடித்தார்?
காற்று என்றேன்.
சிரித்துவிட்டு இரண்டு வாங்கினாள்.

கடை சாத்தும் நேரம்
கீறல் விழுந்த ஒன்றில் பிளேன்டீ ஊற்றிக்கொள்வேன்.
என் விரல் அந்தத் தோள்மேல்தான் இருக்கும்,
பிடிக்க வேறு இடமில்லை.
பாதி குடிப்பதற்குள்
துரை மலையேறிவிடுகிறார்.
கழுவிக் கவிழ்த்துவிட்டு
ஆறரை பஸ்ஸுக்கு ஓடுகிறேன்.