சும்மா விட்ட காணி

படிவத்தின் ஏழாம் பக்கத்தில்
ஒரு கேள்வி இருக்கிறது:
'கடந்த பன்னிரண்டு மாதங்களில்
இந்நிலத்தில் மனித நடவடிக்கை உண்டா?'
உண்டு / இல்லை.
பொருந்தாததை வெட்டிவிட வேண்டும்.

பத்தரமுல்லையிலிருந்து
திணைக்களத்துக் கெப் வண்டியில் வந்தேன்.
கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகளைத் தாண்டி,
டயர்க் கடைக்குப் பின்னால்,
ஒரு ஏக்கர் இருபத்திரண்டு பேர்ச்சஸ்.
வயல் என்றுதான் உறுதியில் இருக்கிறது.
கடைசியாக அங்கே நெல் விளைந்தபோது
நான் பிறந்திருக்கவில்லை.

உரிமையாளர் சற்குணபாலன்.
வெள்ளவத்தையில் எட்டாம் மாடி,
கடலைப் பார்த்த பல்கனி.
மண் கொட்டி நிரப்பி
நாற்பது வீட்டுத் தொடர்மாடி எழுப்பத்தான் வாங்கினார்.
வரைபடம்கூட வைத்திருக்கிறார்,
நீச்சல் குளத்துக்கு நீலம் தீட்டி.
அனுமதி கிடைக்கவில்லை.
பதினொரு வருடம் அரசாங்கத்தைத் திட்டினார்.
இப்போது அதே அரசாங்கம்
நிரப்பாமல் விட்டதற்கு,
உழாமல் விட்டதற்கு,
நகரத்து வெள்ளத்தை வந்து தங்கவிட்டதற்கு
காலாண்டுக்கு ஒருமுறை
அவர் கணக்கில் பணம் போடுகிறது.
'ஈரநிலப் பாதுகாவலர்' என்று ஒரு சான்றிதழும்.
சட்டம் போட்டுத் தடுத்த நிலம்;
சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

பூட்ஸுடன் இறங்கினேன்.
முழங்கால் வரை தண்ணீர்.
நீலத்தாழைக்கோழி இரண்டு. நீர்க்காகம் ஒன்று.
ஆமை என்று எழுதியதை வெட்டினேன்,
அது யாரோ எறிந்த ஹெல்மெட்.
கரையிலிருந்து கரைக்கு கங்குன்.
நடுவில், இடுப்பளவு நீரில்,
ஏதோ தேர்தலுக்குக் கொடுத்த தொப்பியோடு
ஒருத்தி.

மரியபுஷ்பம் என்றாள்.
பத்து வருடமாய்ப் பறிக்கிறாளாம்.
வாய்க்காலில் அடைக்கும் பொலித்தீனை
வாரத்துக்கு ஒருமுறை அவளே இழுத்துப் போடுகிறாள்.
இல்லாவிட்டால் தண்ணி நாறி, கொடி அழுகிப் போகும்.
சல்வீனியாவை அள்ளி
வரம்பில் காயப்போடுகிறாள்.
'நீரோட்டம் நன்று,
அந்நியத் தாவரங்கள் குறைவு' என்று
சற்றுமுன் நான் குறித்திருந்தேன்.
அந்த இரண்டு வரிகளின் கைகள்
வெடித்துப்போயிருந்தன.

"இந்தக் காணிக்கு கவுர்மெண்ட் காசு குடுக்குதாமே, சேர்?"
ஓம் என்றேன்.
"என்னத்துக்கு?"
சும்மா விட்டதுக்கு.
கெண்டைக்காலிலிருந்து ஓர் அட்டையை
உருவி எறிந்தாள்.
"சும்மா விடாததுக்கு எவ்வளவு?"

படிவத்தில் அதற்கு நிரல் இல்லை.

'உண்டு' என்றால் கொடுப்பனவு நிற்கும்.
சற்குணபாலன் வேலி அடிப்பார், காவலுக்கு ஆள் வைப்பார்.
'இல்லை' என்றால்
இவள் இல்லை.
வீதியில் சாரதி ஹோன் அடித்தான்,
அவனுக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் ஏற்ற வேண்டும்.
'உண்டு'வை வெட்டினேன்.
பேனை சரியாக எழுதவில்லை,
இரண்டாம் முறையும் வெட்ட வேண்டியிருந்தது.

பிறகு நான்கு மூலையிலும் கம்பு நட்டு
திணைக்களத்து மஞ்சள் நாடாவைச் சுற்றினேன்.
மறுமுனையை அவள்தான் பிடித்தாள்.
"இறுக்கிக் கட்டுங்க சேர், நாய் இழுத்துப்போடும்."

பணம் வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தது.
வரி கழித்தா, கழிக்காமலா என்று கேட்டு
சற்குணபாலன் இரண்டு தடவை தொலைபேசினார்.

வெள்ளி பின்னேரம் தெமட்டகொடைச் சந்தியில்
கங்குன் ஒரு கட்டு வாங்கினேன்.
எண்பது ரூபா. விற்றவன் யாரோ பொடியன்.
மனைவியால் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை,
என்னிடம் நீட்டினாள்.
வாழைநார் இல்லை.
மஞ்சள் நாடா.
வளைவில் பாதி எழுத்துத் தெரிந்தது:
'…சிக்கத் தடை'.

உள்ளி தட்டிப் போட்டு வதக்கினாள்.
நன்றாகத்தான் கழுவினாள்.
ஆனாலும் பல்லில்
கொஞ்சம் மண் கடிபட்டது.