துத்தநாகம் வரும் வரை

டெப்ரெட்சென். பிப்ரவரி. கடைசி டிராம் போயாகிவிட்டது.
காந்தத்தின் குழாய்க்குள்
நாற்பத்தொன்றாம் எண் சுண்டெலி
மயக்கத்தில் மூச்சு விடுகிறது, நிமிடத்துக்கு அறுபது.

வால் நரம்பில் ஏற்றியிருப்பது கடோலினியம்.
தனியாக இருக்கையில் அது வெறும் பம்பரம்.
சுழல்கிற வேகத்தில் படத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது.
துத்தநாகம் வந்து தொட வேண்டும்.
தொட்டால்,
பக்கத்தில் மிதக்கும் பெரிய புரதம் ஒன்றின்
தோளில் சாய்ந்து நிதானிக்கும்.
அது நிதானித்தால் சுற்றியுள்ள தண்ணீர் வெளுக்கும்.
இவ்வளவுதான் விஷயம்.
இதற்கு ஒர்ஷோயாவுக்கு ஆறு வருடம்,
ஒரு விவாகரத்து,
நூற்றுப்பன்னிரண்டு குடுவைகள்.

முதல் படம் சாம்பல்.
இரண்டாவதும் சாம்பல்.
ஐந்தாவதில் அவள் கோட்டைக் கழற்றித் தரையில் போட்டு
அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.
"பேசாமல் ரொட்டிக்கடை வைத்திருக்கலாம்" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன்,
தட்டில் அப்படியே கிடந்த சர்க்கரை ஊசியை.
நான் போட்டிருக்க வேண்டியது. மறந்திருக்கிறேன்.
சர்க்கரை போய்க் கதவைத் தட்டாமல்
சுரப்பி எப்படித் தன் துத்தநாகத்தை வெளியே விடும்?
கேட்காமல் கொடுக்கிற வீடா அது?

போட்டேன். பதினொரு நிமிடம்.
சிறுநீர்ப்பைக்குக் கீழே
மாவு சலித்தது போல ஒரு வெளுப்பு,
பிறகு கண் கூசும் வெண்மை.
இடப்பக்கம் மட்டும்
கடுகளவு இடம்
விடியவே இல்லை.

"அங்கேதான்" என்றாள், மிக மெல்ல.
புற்று குடியேறினால்
சேர்த்துவைத்த துத்தநாகத்தைத்தான் முதலில் தொலைக்கும்.
ஆறு வருடம் வெளிச்சத்துக்காக உழைத்தோம்,
வெளிச்சம் வராத அந்தக் கடுகைப் பார்ப்பதற்காக.

அவள் யார் யாருக்கோ போன் செய்தாள்,
மணி இரண்டரை என்பதைப் பொருட்படுத்தாமல்.
நான் எலியை எடுத்துப் பஞ்சில் கிடத்தினேன்.
நாளை அதை அறுத்துப் பார்ப்பார்கள்,
நாங்கள் கண்டது சரியா என்று.

என் சட்டைப்பையில் ஒரு சீட்டு இருக்கிறது.
வியாழக்கிழமை, மூன்றாம் மாடி, சிறுநீரகப் பிரிவு.
பன்னிரண்டு இடத்தில் ஊசியால் குத்தி எடுப்பார்களாம்,
இருட்டில் சாவித்துவாரம் தேடுவது மாதிரி.
ஒர்ஷோயாவிடம் சொல்லவில்லை.

மிச்சமிருந்தது அரைக் குப்பி.
ஒட்டியிருந்த சீட்டில்
'மனிதருக்கு அல்ல' என்று எழுதியிருந்தது.
என் கையெழுத்துதான், சற்றே சாய்ந்து.
குளிர்பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.
பூட்டியதா என்று
இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.