கிளிப் 61

சொந்தக் காசில் சூனியம் என்பார்கள் எங்கள் ஊரில்.
அயோவாவில் அதற்கு ரசீதும் உண்டு:
நாலு லட்சம் டாலர்,
வந்து, ஆடி, தோற்று,
சாண்ட்விச் பொட்டலத்தோடு திரும்பிப் போக.
வந்தார்கள். ஆடினார்கள்.
சாண்ட்விச்சையும் மறக்காமல் வாங்கிக்கொண்டார்கள்.
இருபத்தொன்று, இருபது.

கிளம்ப மனசில்லாமல் அவர்கள் பேருந்து இரண்டும்
ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன.
எங்கள் பக்கத்து முப்பதாயிரம் பேர்
படியிறங்கிய சத்தம்
சாவு வீட்டு வாசலில்
செருப்புத் தேடுகிறவர்களின் சத்தம்.

நான் மேலே இருந்தேன், காமெராவோடு.
வான்மதியை இவர்கள் வேன் ஆக்கிவிட்டார்கள்.
வாரம் இருபது மணி நேரம், விசா விட்ட அளவு,
பந்தைப் பார்க்காமல்
இருபத்திரண்டு பேரையும் பார்ப்பது வேலை.
பந்தையே பார்ப்பவர்களுக்குத் தெரியாது
ஆட்டம் எந்த இடத்தில் தோற்கிறதென்று.

கடைசிப் பதினொரு நொடி.
கம்பங்களுக்கு நடுவே ஓர் உதை, அவ்வளவுதான்.
தூங்கிக்கொண்டே உதைக்கலாம்.
வலது ஓரத்தில் கானர் ப்ரெம்மர்,
ஆறடி ஐந்தங்குலம், பன்றிப் பண்ணைக்காரர் மகன்,
உள்பக்கம் ஓர் அடி வைக்க வேண்டியவன்
வெளியே பார்த்தான்.
ஒரு நொடி.
அந்த நொடி வழியாக ஒரு கை நுழைந்தது.

ஞாயிறு இரவு எடிட்டிங் அறை வாசலை
அடைத்துக்கொண்டு நின்றான்.
"வேன், அந்த ஒரு நொடியை வெட்டிவிட முடியுமா?"
முடியும். இரண்டு விசை.
முடியும் என்றும் சொல்லவில்லை,
முடியாது என்றும் சொல்லவில்லை.
மிக்ஸர் பொட்டலத்தை நீட்டினேன்.
ஒரு பிடி தின்று, "காரம்" என்றான்.
கண்ணைத் துடைக்க அது போதுமான காரணம்.

திங்கள், காலை ஆறு மணி, நூற்றைந்து நாற்காலி.
கோச் ஹால்வர்சன் கத்துவார் என்று காத்திருந்தோம்.
அவர் தொண்டை சனிக்கிழமையே போய்விட்டிருந்தது.
விளக்கை அணைக்கச் சைகை மட்டும்.
ஓடி முடிந்ததும் கானர் எழுந்து நின்றான்:
"மறுபடி."
போட்டேன்.
"மறுபடி."
நாலாவது முறை, "போதும்டா" என்றது ஒரு குரல்.
"மறுபடி."
ஏழாவது முறைதான்
திரையின் மூலையை யாரோ பார்த்தார்கள்.
சோளக்கதிர் வேஷம் கட்டிய எங்கள் மாஸ்காட்,
வராத வெற்றிக்கு முன்கூட்டியே குதித்து,
தண்ணீர்ப் பீப்பாயில் தலைகுப்புற விழுகிறது.
பச்சைத் தோகைக்கு வெளியே
இரண்டு கால், ஒற்றை ஷூ.
ஒரு மூக்கொலி.
அடக்கப் பார்த்து உடைந்த இன்னொன்று.
பிறகு அறை முழுக்க.
கானரும், நின்றபடியே, முகத்தைப் பொத்திக்கொண்டு.
கோச்சின் தோள் குலுங்கியது, குரல்தான் வரவில்லை.

எட்டாவது முறை யாரும் கேட்கவில்லை,
நானாகப் போட்டேன்.
"நானும் அரை நொடி தாமதம்" என்றான் உதைத்தவன்.
"பந்தைக் கொஞ்சம் உயரமாக விட்டேன்"
என்றான் அனுப்பியவன்.
கல்யாண வீட்டு மொய்போல
ஆளாளுக்குத் தன் பங்கை எழுதினார்கள்.
கானர் உட்கார்ந்தான்.

அந்த வாரம் முழுக்க அறுவடைத் தூசி.
பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகும்
கீழே ஒருவன்,
ஓர் அடி உள்ளே,
திரும்பி வந்து ஓர் அடி உள்ளே,
புல்லில் அந்த இடம் மட்டும் வழுக்கையாகும்வரை.
என் இருபது மணி நேரம் முடிந்திருந்தது.
இறங்காமல் நின்றேன்.

சனிக்கிழமை வெளியூர், மழை.
துப்பட்டாவால் லென்ஸைத் துடைத்துத் துடைத்து எடுத்தேன்.
மூன்றாம் பகுதியில் அதே தூரம், அதே உதை.
கானர் ஓர் அடி உள்ளே வைத்தான்.
ஒன்றும் நடக்கவில்லை.
ஒலிபெருக்கி உதைத்தவன் பெயரைச் சொன்னது.

கிளிப் 38.
எதுவுமே நடக்காத அந்த ஒரு நொடியை
வெட்டாமல் வைத்திருக்கிறேன்.